ஓவியக் கண்காட்சியில் அத்தையின் சேலை

கல்யாணமாகித் தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த இரண்டாம் வருடம் என்று நினைவு. எழுபதுகளின் கடைசி. டோபி காட் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் ஆண்டுதோறும் புது ஓவியங்களின் கண்காட்சி நடக்கும். நான் வேலை பார்த்த அச்சகத்தில்தான் அதன் சுவரொட்டிகளை அடித்தோம். இரண்டு நுழைவுச்சீட்டுகள் கிடைத்தன. கணவர் பந்தாட்டம் பார்க்க நழுவிவிட்டதால் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிறு பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு அப்படியே பஸ் ஏறினார்.

உள்ளே அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. வட்டமும் கோடுமாக இருந்த படங்களை விறுவிறுவென்று கடந்தார். ஒரு இரும்புச் சிற்பத்தின் முன் மட்டும் நின்று, இதைத் தூசி தட்டுகிறவர் பாடு கஷ்டம் என்று பரிதாபப்பட்டார். காப்பி குடிக்கப் போகலாமா என்றும் கேட்டுவிட்டார்.

கடைசி அறையில் ஆளுயரப் படம் ஒன்று. அடுக்குமாடி வீடுகளின் சமையலறை ஜன்னல்கள், வெளியே நீட்டிய மூங்கில் கழிகள், அவற்றில் காயும் துணிகள். அத்தை என் கையைப் பிடித்தார்.

"இது என் சேலை."

அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலையைச் சிராங்கூன் ரோட்டில் எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள் என்றேன்.

"பக்கத்துல பாரு. உன் புருஷன் கால்சட்டை. முட்டியில நான் போட்ட பச்சை ஒட்டு."

பார்த்தேன். என் பழைய ரவிக்கையை வெட்டித் தைத்த ஒட்டு அது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு ஒரு சீனப் பெண்மணி வந்தார். வரைந்தவர் அவர்தான், எங்கள் எதிர் பிளாக்கில் குடியிருக்கிறார். தினமும் காலையில் எங்கள் துணிகளைத்தான் பார்ப்பாராம். அத்தையும் அவரும் சந்தையில் புழங்கும் மலாய் மொழியில் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகள், வீட்டு வாடகை, மூட்டுவலி என்று பேச்சு வளர்ந்தது. கிளம்பும்போது அத்தை கண்டிப்பாக ஏதோ சொல்ல, அந்தப் பெண்மணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பஸ்ஸில் என்னவென்று கேட்டேன்.

"வரையறதுக்கு முதல் நாளே சொல்லணும், நல்ல துணியா காயப்போடுறேன்னேன்."

கணவர் நம்பவில்லை. மறுநாளே துறைமுகத்தில் கூட வேலை பார்க்கும் நண்பர்களோடு போய்ப் பார்த்துவிட்டு, பெருமை தாங்காமல் திரும்பினார்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்மணி பலகாரப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். நேராக எங்கள் சமையலறை ஜன்னலுக்குப் போய், எதிரே தன் வீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கத்திலிருந்து அவர் அதைப் பார்த்ததே இல்லையாம்.