அப்பா ஓடிவரும் சத்தம்

இறந்துபோன அப்பாவின் ஃபிலிம் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போதே சிவாஜிநகர் ரிப்பேர்காரர் சொன்னார்: "டைமர் லீவரை மட்டும் தொடாதீங்க சார். மாட்டிக்கிச்சுன்னா ஸ்பேர் கிடைக்காது." வீட்டுக்கு வந்து, கேமராவை மேஜைமேல் வைத்து, முதல் வேலையாக அதைத்தான் இழுத்தேன்.

கர்ரென்று ஓடியது. இந்த ஐம்பது வயதிலும் அந்தச் சத்தத்துக்கு ஓடிப்போய் சோபாவில் விழுந்தேன். சின்ன வயதில், ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் படம். லீவரைத் தட்டிவிட்டு, கேமரா தானாகப் படமெடுப்பதற்குள் எங்களோடு நிற்க அப்பா டை பறக்க ஓடிவருவார்.

"குண்டா, நகருடா!"

"மெதுவாங்க, விழுந்துடப் போறீங்க!" என்று அம்மா கத்துவாள்.

அப்பா வந்து சேரமாட்டாரோ என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். எல்லாப் படத்திலும் அவர் சிரிக்கிறார், நான் தூங்குகிறேன்.

சத்தம் பாதியில் நின்றது. லீவர் மாட்டிக்கொண்டது. நானோ, ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கி, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தேன்.