தங்கம் திரும்பி வருமா?

இரண்டாம் உலக யுத்தத்தின்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் பயணிகளின் நகைகளைச் சோதிக்க ஓர் அதிகாரி இருந்தார். பெயர் தெரியாது. மெலிந்த உடம்பு, வெளுத்த கோட்டு, ஓயாத இருமல். தங்கம் கடல் தாண்டிப் போக வேண்டுமானால் அரசாங்கப் பெரிய பேங்கின் அனுமதி வேண்டும் என்று அப்போது சட்டம்; போட்டுக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவரும் நகைக்கு மட்டும் அது வேண்டாம். எவருடைய நகையையும் அவர் கையால் தொடமாட்டார். மேஜைமேல் தம் கைக்குட்டையை விரித்து, அதில் கழற்றி வைக்கச் சொல்வார்.

கொழும்பில் கடை வைத்திருந்த என் கணவரிடம் போகப் புறப்பட்ட நான், கல்யாணத்தில் அம்மா எனக்குப் போட்ட இரட்டைவடச் சங்கிலியை அந்தக் கைக்குட்டையில் வைத்தேன். அனுமதிச் சீட்டு என்று ஒன்று வாங்க வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

“திரும்பி வாரதுதானேம்மா?” என்றார்.

“தெரியாதுய்யா. அங்கனயே இருந்திருவேன்னுதான் நினைக்கேன்.”

“ஒன்னயக் கேக்கல. சங்கிலி திரும்பி வருமா?”

“நான் வராம அது மட்டும் எப்படிய்யா வரும்?”

கைக்குட்டையைச் சங்கிலியோடு என் பக்கம் நகர்த்தினார். பிறகு தாளில் ஏதோ எழுதினார்.

“போட்டுக்கிட்டுப் போ. திரும்பி வரும்னு எழுதிருக்கேன்.”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“நீ சொல்லல. போ, கப்பலுக்கு நேரமாச்சு.”

கொழும்பில் முதல் வருஷமே கடை நொடித்து, சங்கிலியை விற்றுவிட்டோம். பல வருஷம் கழித்து ஊர் திரும்பியபோது, துறைமுக வாசலில் சங்கிலி இல்லாத கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் எனக்காகப் பொய் எழுதினாரா, இல்லை, நான் திரும்பி வருவேன் என்று உண்மையாகவே நம்பினாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.