ஓடக்காரியைக் கொன்ற கூடுதல் கதை

வேன்காரர் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வர ஆரம்பித்த முதல் வருஷம் என்னிடம் பேசியது மொத்தமே இரண்டு வாக்கியம். ஒன்று, "மணி என்னாச்சு சிஸ்டர்?" இன்னொன்று, "போதும், எடுத்துவிட்டுடுங்க."

இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய மகள் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவாள். எடை பார்ப்போம். இடது கையில் இரண்டு ஊசி ஏற்றுவோம். மெஷின் ஓட ஆரம்பித்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாலு மணி நேரம் ஓடவேண்டிய மெஷின் அவருக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டியதில்லை. பாதியில் எழுந்துபோனால் காலில் நீர் கோக்கும், மூச்சு வாங்கும் என்று நானும் டாக்டரும் சொல்லாத நாள் இல்லை. அவர் கேட்டால்தானே. என் பொறுப்பிலேயே போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அப்படி இருக்கையில்தான் பக்கத்துக் கட்டிலுக்கு லிஃப்ட்காரர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகத்தோடு கண்ணையும் ஒரு கை பார்த்துவிட்டிருந்தது. கூடவே அவர் மனைவி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் கண்ணாடி போட்டு அனுப்பறேன், இவருக்கு மட்டும் எந்த லென்ஸும் எடுபடல" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

அக்கா ஒரு லேப்டாப் கொண்டுவருவார். அதில் ஒரு கேம். வாளும் மந்திரமும் அரக்கர்களும் உள்ள பெரிய கதை. நாயகன் யாரிடம் என்ன பேசுகிறான், யாரைக் காப்பாற்றுகிறான் என்று நாமே முடிவெடுத்து நகர்த்த வேண்டும். கணவருக்குத் திரையில் எழுத்து தெரியாது. ஊசி ஏறிய கையை அசைக்கவும் கூடாது. அதனால் அக்கா ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் மாற்றி வாய்விட்டுச் சொல்வார், அவர் முடிவெடுப்பார், அக்கா பட்டனைத் தட்டுவார். ராஜாவுக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல். மந்திரவாதிக்கு மட்டும் தங்கள் வீட்டு ஓனரின் குரல்.

"இவனை என்ன பண்ணட்டும்? கொன்னுடவா?"

"விட்டுடு. பாவம், பிள்ளைகுட்டிக்காரன் மாதிரி தெரியறான்."

அந்தக் கதையில் பெரிய ஆறு ஒன்று. ஏழு துறைகள். ஒவ்வொரு துறையிலும் நாயகனை ஏற்றி அக்கரையில் விட ஒரு ஓடக்காரி வருவாள். பெயர் சொல்ல மாட்டாள். துடுப்புப் போட்டுக்கொண்டே ஏதாவது ஒன்று கேட்பாள்: சாப்பிட்டாயா, யாரை விட்டுவிட்டு வந்தாய், திரும்பி வருவாயா என்று. அவள் வரும்போது அக்கா குரலைத் தாழ்த்திவிடுவார். நானே ஊசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறேன்.

பதினோரு மாதம் ஆடினார்கள். அதற்குள் வேன்காரரின் காலில் வீக்கம் வற்றியது, ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. டாக்டர் மருந்தைத்தான் காரணம் சொன்னார். எனக்குப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது: எட்டு மாதமாக வேன்காரர் ஒருநாள்கூடப் பாதியில் எழுந்துபோகவில்லை. காரணம் மட்டும் புரியவில்லை. இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

கேம் முடிந்தது. கடைசித் துறையில் நாயகனை இறக்கிவிட்டு ஓடக்காரி ஆற்றின் மேல்பக்கமாகத் தனியே ஓடத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவள் யார், எங்கே போனாள் என்பதைச் சொல்ல, டவுன்லோடு செய்து சேர்த்துக்கொள்கிற கூடுதல் கதை ஒன்று வரப்போகிறது என்று கம்பெனி அறிவித்தது. அது வரும்வரை அக்கா பழைய இடங்களையே திரும்ப ஆடிக்காட்டினார். மூன்று மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அது வெளிவந்தது.

அன்று அக்கா உற்சாகமாக ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் குரல் இறங்கிவிட்டது. காவல் நிற்கும் சிப்பாய் ஒருவன் நாயகனிடம், "ஓடக்காரியா? அவள் போன மழையிலேயே ஆற்றோடு போய்விட்டாள்" என்கிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு குகை, குகைக்குள் அரக்கன், இன்னொரு குகை. பழைய அரக்கர்களுக்கே வேறு சாயம் பூசி நிறுத்தியிருந்தார்கள். மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடின.

"அவ்வளவுதானா?" என்றார் லிஃப்ட்காரர்.

"அவ்வளவுதான்."

அப்போது பக்கத்துக் கட்டிலில் மெஷின் அலறியது. நான் ஓடினேன். வேன்காரர் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பி, ஊசிக் கையையும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கையை நீட்டுங்க, ரத்தம் நிக்குது பாருங்க."

"அது கிடக்கட்டும் சிஸ்டர். அந்தப் பொம்பளை எப்படிச் செத்தா? நீந்தத் தெரியாதவளா அவ? ஏழு துறையும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. போற போக்குல ஒரு சிப்பாய் சொல்லிட்டா முடிஞ்சுதா?"

அக்கா லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க கேட்டுட்டா இருந்தீங்க?"

"வேற என்ன வேலை எனக்கு இங்க?" என்றார். பிறகு, சற்றுக் கூச்சத்தோடு, "முதல்ல தொந்தரவாத்தான் இருந்துச்சு. அப்புறம் அவ வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போகலாம்னு தோணும். அவ எப்ப வருவான்னுதான் தெரியாதே. நாலு மணி நேரம் ஆகிடும்" என்றார்.

அடுத்த இரண்டு தடவையும் மூன்று மணி நேரம் ஆனதும் கிளம்பிவிட்டார். கேம் கம்பெனி மேல் எனக்கே கோபம் வந்தது; வாழ்க்கையில் ஒரு கேமைத் தொட்டுப் பார்க்காதவள் நான். அக்காவிடம் ஓரமாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு மறுமுறை லேப்டாப்பை நேராக வேன்காரர் பக்கம் திருப்பினார்.

"அண்ணே, உலகம் பூரா ஆடினவங்க இந்தக் கம்பெனி வெப்சைட்ல வந்து திட்டித் தீர்த்திருக்காங்க. நீங்களும் ஏதாவது சொல்லுங்க, எழுதிப் போடறேன்."

"திட்டியிருக்காங்களா? எத்தனை பேர்?"

"ஆயிரக்கணக்குல."

அந்தக் கணக்கு அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததை முகத்தில் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுதும்மா. முதல்ல நன்றி சொல்லு, குறை அப்புறம். நான் வேன் ஓட்டினவன். எனக்கு டயாலிசிஸ் நடக்குது. உங்க கதை கேட்டுத்தான் இத்தனை மாசம் முழு நேரமும் படுத்திருந்தேன். என் கால் வீக்கம் வத்துனதுல உங்களுக்கும் பங்கு உண்டு. அதை மறக்க மாட்டேன். போட்டியா?"

"போட்டாச்சு."

"இப்ப குறை. ஏத்திட்டுப் போய் இறக்கி விடறவங்களை யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. இருபத்திரண்டு வருஷத்துல எத்தனையோ பிள்ளைங்க என் வண்டில ஏறி இறங்கிச்சு, என் பேரு தெரிஞ்சது நாலு பேருக்கு இருக்கும். நீங்க ஓடக்காரியைக் கவனிச்சு எழுதினீங்க. அப்புறம் நீங்களே மறந்துட்டீங்க. அவளுக்கு ஒரு பேராவது வெச்சிருக்கலாம். அவ்வளவுதான்."

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அக்கா ஆங்கிலத்தில் மாற்றித் தட்டச்சு செய்தார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தபோது முந்நூறு பேர் பதில் எழுதியிருந்தார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்களே அதிகம். ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தானும் அந்த ஓடக்காரிக்காகத்தான் ஆடியதாக எழுதியிருந்தார். இன்னொருவர், "சிப்பாய் சொன்னதுதானே? நாம் கண்ணால் பார்க்கவில்லையே" என்று கேட்டிருந்தார். வேன்காரர் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"அதானே. உடம்பைக் காட்டினாங்களா? இல்ல. அந்தச் சிப்பாய் ஒரு புளுகன். எனக்கு அப்பவே சந்தேகம்."

கம்பெனியிடமிருந்தும் பதில் வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி, உரியவர்களிடம் தெரிவிக்கப்படும். எல்லோருக்கும் அனுப்புகிற அச்சு வாசகம். அக்கா அதைக் கொஞ்சம் இனிப்பாக்கிப் படித்தார். வேன்காரர் சிரித்துவிட்டார்.

"சர்க்கரை போடாதம்மா. வேன் லேட்டுன்னு புகார் வந்தா நானும் இதேதான் சொல்லுவேன். பரவாயில்ல, வந்து சேர்ந்துச்சே."

அன்று அவர் நாலு மணி நேரமும் இருந்தார். மறுவாரம் அக்கா மௌஸை அவருடைய வலது கைக்குக் கொடுத்து, புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார். வேன் ஓட்டிய கைக்கு நாயகன் அடங்கவில்லை. முதல் நாள் முழுக்க ஒரு வேலியில் முட்டிக்கொண்டே நின்றான். லிஃப்ட்காரர், "ரிவர்ஸ் எடுங்கண்ணே, ரிவர்ஸ்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அவருடைய மெஷினும் அலறியது.

கோடையில் லிஃப்ட்காரருக்கு அவருடன் பிறந்த மூத்த சகோதரியே ஒரு சிறுநீரகம் கொடுத்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதோடு அவர்கள் எங்கள் பிரிவுக்கு வரத் தேவையில்லாமல் போயிற்று. வேன்காரருக்கு மகள் ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தாள். ஆங்கிலம் புரியாத இடத்தில் ஓய்வாக இருக்கும் சிஸ்டரைக் கூப்பிடுவார். எனக்கு மந்திரவாதிக் குரல் சரியாக வருவதில்லை என்பது அவர் அபிப்பிராயம். வழியில் தென்படுகிற ஒவ்வொரு ஆளிடமும் நின்று பேசுவதால் ஏழு மாதத்தில் மூன்றாம் துறைக்குத்தான் வந்திருக்கிறார்.

போன வாரம் லிஃப்ட்காரரும் அக்காவும் செக்கப்புக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது கூடுதல் கதை ஒன்று வரப்போகிறதாம்.

"நான் தொட மாட்டேன். ஒரு தடவை பட்டது போதும்" என்றார் வேன்காரர்.

"நாங்களும்தான்" என்றார் லிஃப்ட்காரர்.

வேன்காரர் மௌஸை இரண்டு முறை சும்மா நகர்த்தினார்.

"எந்தக் கிழமை வருதாம்?" என்று கேட்டார் வேன்காரர்.

"வெள்ளி."

"எனக்கு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் இல்லையே," என்று என் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை இவங்க ரெண்டு பேரும் இங்க வந்து உக்காந்தா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே சிஸ்டர்?"

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டு நாற்காலி போட இடம் இருக்கிறதா என்று அளந்தும் வைத்துவிட்டேன்.