மோட்டார் சுவிட்சில் சிவப்பு அட்டை

வல்லம் வடகாலில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே தண்ணீர் மோட்டார். அது என் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருந்தது. சுவிட்ச் என் வாசல் பக்கத்தில். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து காலையில் நான் கண்ணை மூடினால் போதும், யாராவது போட்டுவிடுவார்கள். டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். போட்டவர் கடைக்குப் போய்விடுவார், டேங்க் வழிந்து தெருவே நனையும்.

சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "பகல்ல இன்னாக்கா தூக்கம்?" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் கம்பெனிக்குப் போகிறவள்தான், செகண்ட் ஷிஃப்ட்.

அந்த வாரம் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றபடியே தூங்கி விழுந்தேன். "இன்னொரு தபா பாத்தேன், வேலைக்கு வர வாணாம்" என்றார் சூப்பர்வைசர். நான் கான்ட்ராக்ட் ஆள். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலை வந்ததும், என் வீட்டுக்காரர் பையில் கிடந்த சிவப்பு அட்டையை எடுத்து மோட்டார் சுவிட்சில் கட்டினேன். அவருக்குக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. மெஷினுக்குள் ஆள் கைவிட்டு வேலை செய்யும்போது சுவிட்சில் மாட்டுகிற அட்டை அது: 'ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதே.' மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்; மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. எரிச்சலில் செய்த காரியம். அரை மணி தூங்கினாலே பெரிசு என்று படுத்தேன்.

விழித்தபோது வெயில் உச்சி தாண்டியிருந்தது. கதவைத் திறந்தேன். லைன் வீடே காலி பக்கெட்டுகளோடு வாசலில் நிற்கிறது. டேங்க் காலி, ஆனால் அட்டையை ஒருத்தரும் தொடவில்லை; எல்லாரும் கம்பெனியில் அந்த அட்டையைப் பார்த்துப் பழகியவர்கள். உள்ளே வேலை செய்பவரின் கவனம் கலையுமே என்று கதவைக்கூடத் தட்டாமல் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்!

"உள்ள யாருக்கா கரண்டு வேலை செய்யறாங்க? எனுக்கு பஸ் வந்துடும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, குரலைத் தாழ்த்தி.

"யாரும் இல்ல. நான்தான் தூங்கினு இருந்தேன்."

சண்டைக்கு வருவாள் என்று கொண்டையை முடிந்துகொண்டு தயாரானேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாக்கா? நீ வர்றதுக்குள்ள டேங்க ரொப்பி வுட்டுடறோம்."

சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது எனக்கல்லவா தெரியும்! இருந்தாலும் சிரிப்புதான் வந்தது. அட்டையைக் கழற்றி, நானே மோட்டாரைப் போட்டேன்.

அன்றைய ஷிஃப்டில் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்று முகத்தையே பார்த்தார். என் கண் சொக்கவில்லை என்று கண்டு அடுத்த ஆளிடம் போனார். என் வேலை தப்பியது.