என் ஒப்பாரிக்கு ஒரே சாட்சி

இன்னிக்குக் கிருமாம்பாக்கத்துச் சாவு வூட்டுல இருந்தவங்க: நான், என் ஓரகத்தி அஞ்சலை, வில்லியனூர் பச்சையம்மா, முனியம்மா, அவ புருஷன் கோவிந்தன். செத்தது கோவிந்தன்தான்.

ஒப்பாரின்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. "ரயிலேறிப் போனவரே, திரும்பி வர சீட்டு வாங்கலியா"ன்னு எடுத்தேன்.

பச்சையம்மா மாரடிக்கிறத நிறுத்திட்டா. "இன்னாடி இது? என் மாமியாருக்கு நான் கட்டுன பாட்டுடி!"

திருட்டுப் பாட்டுன்னு பேராயிட்டா அப்புறம் எந்தச் சாவுக்குக் கூப்பிடுவாங்க?

"நானே கட்டுனதுடி"ன்னேன்.

"சாவப் பதியுற மேரி ஆபீசுல பாட்டையும் பதிஞ்சு வச்சிருக்கியா?"

முனியம்மா அழுகைய வுட்டுட்டு, "எவ பாட்டுன்னு சாட்சி காட்டுங்கடி, அப்புறம் அழுவுறேன்"ன்னா.

அஞ்சலை வெத்தலைய மென்னுக்கிட்டே கூரையப் பாத்தா.

போன மாசம் கோவிந்தன் கட்டில்ல கெடந்தப்ப, "செத்தப்புறம் நான் எங்க கேக்குறது, இப்பவே பாடு"ன்னாரு. அங்கியே இந்தப் பாட்டக் கட்டிப் பாடுனேன். கேட்டவரு அவரு ஒருத்தருதான்.

பச்சையம்மாகிட்டகூட நாளைக்கே சமாதானமாப் பேசிடுவேன். எல்லாந் தெரிஞ்சும் வாயத் தொறக்காம படுத்துக் கெடந்தா நியாயமா, நீங்களே சொல்லுங்க? மன்னிக்கவே மாட்டேன், அந்தக் கோவிந்தன.