நூற்றுக்குப் பத்தொன்பது பேர்

என் தம்பி வெர்லினிடம் எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும், அங்கே நூற்றுக்கு எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடுவான். மாதா மாதம் பேப்பரில் வரும் பட்டியலைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பான். மற்ற ஆண்கள் பேஸ்பால் ஸ்கோர் பார்ப்பார்கள். இவன் எங்கள் எல்கார்ட்டுக்கு எத்தனை, டெட்ராய்ட்டுக்கு எத்தனை, நெப்ராஸ்காவுக்கு எத்தனை என்று பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை கணக்கில் கோட்டை விட்டவன் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நான் அவனுடைய அக்கா லவோன், எனக்கு அந்த உரிமை உண்டு.

எல்கார்ட்டில் பாதிப் பேருக்கு டிரெய்லர் கம்பெனிதான் சோறு போடுகிறது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற, அடுப்பும் கட்டிலும் வைத்த வண்டி வீடுகள். கை கொஞ்சம் இறுகினால் நாட்டில் எல்லோரும் முதலில் நிறுத்துவது அதை வாங்குவதைத்தான். ஆகவே வியாபார மந்தம் என்று ஒன்று வந்தால் முதலில் எங்கள் வாசலுக்கு வரும். போகும்போதும் முதலில் எங்களை விட்டுத்தான் போகும். ‘முதல்ல விழுறவன்தான் முதல்ல எந்திரிப்பான்’ என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அதனால் வேலையை விட்டு நிறுத்தினால் நாங்கள் பதறுவதில்லை. கிடைத்த வேலையைச் செய்துகொண்டு காத்திருப்போம். வண்டி கட்டும் லைனில் எட்டுப் பேர் ஒரு குழு. வண்டிக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டர் திரும்பியதும் ஃபோர்மேன் சாயங்காலம் போன் செய்வார்: “நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வந்துடு.” ஐந்துக்கு நீ இல்லாவிட்டால் உன் இடத்தில் இன்னொருவன் நிற்பான், அப்புறம் அவனை யாரும் நகர்த்த மாட்டார்கள். ஆகவே வேலை இல்லாத நாளில் எங்கள் ஆண்கள் ஊரைத் தாண்டமாட்டார்கள். மாமியார் சாவுக்குக்கூட மத்தியானத்துக்குள் போய்த் திரும்பிய ஒருவனை எனக்குத் தெரியும்.

2008 செப்டம்பரில் வெர்லின் வேலை பார்த்த டிரெய்லர் கம்பெனி கதவைச் சாத்தியது. நவம்பரில் அவன் சகலை மெர்ல் போன் செய்தார். அவருக்கு நெப்ராஸ்காவில், கார்னி என்ற ஊரில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை. மக்காச்சோளத்துக்கு அப்போது நல்ல விலை. “வெல்டிங் தெரிஞ்ச ஆளே கிடைக்கல. குடும்பத்தோட வந்துடுங்க சகலை” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு மசியல், அதன் மேல் நூடுல்ஸ், கோழி. அவன் மனைவி ஜனெல் தட்டைத் தொடவே இல்லை.

“இங்க நூத்துக்குப் பன்னிரண்டு, அங்க மூணு” என்றாள். “ஒட்டி வைக்கிறதும் நீ, படிக்கத் தெரியாத மாதிரி உக்காந்திருக்கிறதும் நீ.”

“எண்பதுல என்னாச்சு? பதினோரு மாசம். தொண்ணூத்தொண்ணுல எட்டு. ரெண்டாயிரத்தொண்ணுல ஆறே மாசம்” என்று வெர்லின் விரல் மடக்கினான். “ஏப்ரல்ல கூப்பிடுவாங்க. அங்கேருந்து பன்னிரண்டு மணி நேரம் ஓட்டி, காலைல அஞ்சுக்கு எப்படி வந்து நிப்பேன்? பதினேழு வருஷ இடம், ஜனெல்.”

“இடம், இடம்! கெண்ட்ராவுக்குப் பன்னிரண்டு வயசு. நாங்க அங்க போயிட்டா அவளுக்கு அப்பா எந்த ஊர்ல இருப்பாரு?”

அவன் என் பக்கம் திரும்பினான். “நீ சொல்லுக்கா.”

அதற்கு முந்தைய வருடம்தான் என் கணவர் என்னை விட்டுப் போயிருந்தார். வெர்லின் நாலு வீடு தள்ளி இருந்தான். என் கூரை, என் கார், என் வாசல் பனி எல்லாம் அவன் பொறுப்பு. அவனும் போய்விட்டால் எனக்கென்று ஊரில் யாரும் இல்லை. நான் அதை மட்டும்தான் யோசித்தேன். வாய் என்னவோ வேறு சொன்னது.

“ஏப்ரல் வரைக்கும்தானே. இருந்து பாரேன்” என்றேன்.

ஜனெல் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “அண்ணி, உங்க வீட்டுப் பனிய அள்ள ஆள் வேணும்னா சொல்லுங்க. ஊர்ல நூத்துக்குப் பன்னிரண்டு பேர் சும்மாதான் இருக்காங்க.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் வரத்தானே செய்யும்.

ஜனவரியில் ஜனெல் கெண்ட்ராவை அழைத்துக்கொண்டு கார்னிக்குப் போனாள். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. “அவங்க கூப்பிடுற வரைக்கும் நீ இங்க இரு. ஏப்ரல்ல கூப்பிடலன்னா வந்துடணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவனும் தலையாட்டினான்.

மார்ச்சில் பட்டியல் வந்தது. நூற்றுக்குப் பத்தொன்பது. டிவிக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து எங்கள் முகங்களைப் படம் பிடித்தார்கள். வெர்லின் மட்டும் உற்சாகமாக இருந்தான். “இதுதான்க்கா அடிமட்டம். இனிமே ஏற வேண்டியதுதான்” என்றான். ஏப்ரல் வந்தது, போன் வரவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்தாகிவிட்டது, இப்போது போனால் காத்திருந்தது வீண் என்றான்.

மே மாதம் கெண்ட்ரா பள்ளி இசைக்குழுவில் தனியாகக் கிளாரினெட் வாசிக்க இருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சி. வெர்லின் வருவதாகச் சத்தியம் செய்திருந்தான், சட்டைகூட இஸ்திரி போட்டாகிவிட்டது. வியாழக்கிழமை ஊருக்குள் ஒரு பேச்சு: லைனில் ஒருவனுக்கு ஃபோர்மேன் போன் செய்துவிட்டாராம். அவ்வளவுதான், வெர்லின் கிளம்பவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் போன் அருகிலேயே உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை விஷயம் தெரிந்தது. அந்த ஆள் கம்பெனியின் டிரில் மெஷினை வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தான், திருப்பிக் கொடு என்று கேட்கத்தான் ஃபோர்மேன் கூப்பிட்டாராம்.

“பரவால்லப்பா” என்றாள் கெண்ட்ரா போனில். அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சியின் தேதியையும் அவள் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த பிப்ரவரியில் உண்மையாகவே போன் வந்தது. ஐந்து மணிக்கு அவன் லைனில் நின்றான். அன்று மாலை என் கண்முன்னால்தான் ஜனெலைக் கூப்பிட்டான். “சொன்னேன்ல? நம்மதான் முதல்ல எந்திரிச்சோம். கிளம்பி வாங்க” என்றான். ஸ்பீக்கரில் அவள் குரல் தணிவாக வந்தது.

“சந்தோஷம் வெர்லின், நிஜமாத்தான் சொல்றேன். ஆனா நாங்க வரல. அவ இங்கயே பழகிட்டா. நானும்தான்.”

“வேலை வந்துடுச்சு ஜனெல்.”

“ஆமா. நீ வரலையே.”

மறு வருடம் விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் வாசலில் பனி அள்ளினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்த் தடுத்தேனா? இல்லை.

அவன் கணக்கு தப்பவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வயிற்றெரிச்சல். பத்தொன்பது பத்தாயிற்று, ஐந்தாயிற்று, கடைசியில் இரண்டாயிற்று. ஹாம்பர்கர் கடை வாசலில்கூட ஆள் தேவை என்று பலகை தொங்கியது. வெர்லின் ஃபோர்மேன் ஆனான். அங்கே நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் விலை விழுந்தது, விவசாயிகள் புது இயந்திரம் வாங்குவதை நிறுத்தினார்கள். மெர்ல் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை.

2018 ஜூனில் கெண்ட்ராவுக்குக் கல்யாணம். சர்ச்சில் மணப்பெண்ணை அப்பா கைபிடித்துக் கூட்டிவருவதுதான் வழக்கம், ஆனால் மெர்ல் பெரியப்பாதான் தன்னைக் கூட்டிவருவார் என்று அவள் முன்பே போனில் சொல்லியிருந்தாள். “அவர்தானேம்மா பக்கத்துல இருந்தாரு” என்று வெர்லின் சொன்னான். சர்ச்சில் நாங்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். அவள் கடந்து போகும்போது அவன் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

விருந்தின்போது மாப்பிள்ளை டிரெண்ட் எங்கள் மேசைக்கு வந்தான். மெர்ல் பட்டறையில்தான் அவனுக்கும் வேலை.

“சார், உங்க ஊர்ல ஆள் எடுக்கிறாங்களாமே?”

வெர்லினின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பத்து வருடமாக நான் பார்க்காத முகம் அது. “எடுக்கிறாங்களாவா? என் லைன்லயே நாலு இடம் காலி. ரெண்டு பேரும் எப்ப வரீங்க?”

“கெண்ட்ராவோட நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு சார். முதல்ல நான் வந்து சேர்ந்துக்கிறேன். அடுத்த வருஷம் அவளக் கூட்டிக்கிறேன்.”

கெண்ட்ரா அவன் பின்னால் வந்து நின்றாள். வெர்லின் அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், மேசை விரிப்பை நீவிவிட்டான்.

“அப்படீன்னா எங்க ஊர்ல வேலை இல்ல தம்பி” என்றான்.

“இப்பத்தானே நாலு இடம்னு…”

“ரெண்டு பேரா வந்தா இருக்கு. ஒருத்தரா வந்தா இல்ல.”

டிரெண்ட் சங்கடத்தோடு சிரித்துவிட்டு நகர்ந்தான். கெண்ட்ரா நகரவில்லை. அப்பாவின் தோளில் கை வைத்து, யாரோ கூப்பிடும் வரை அப்படியே நின்றாள்.

மறுநாள் அயோவா மாநிலம் வழியாகத் திரும்பினோம். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்:

“டிரெண்ட் தனியா வந்திருந்தாக்கூட, லீவுக்கு லீவு அவ நம்ம வீட்டுக்கு வந்திருப்பா இல்லக்கா?”