ஆமை அண்ணனின் கண்

படகுத்துறையில் அவரை ஆமை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மெதுவாக நடப்பவர் என்பதால் அல்ல. நடையில் அவர் வேகக்காரர். கடலுக்குள் கூட்டிப்போனவர்களுக்கு ஒரு ஆமையையாவது காட்டாமல் திரும்பமாட்டார் என்று பெயர் வாங்கியிருந்தார். இருபத்தாறு வருடமாக அதே வேலை. காலை ஏழரைக்கு எட்டுப் பேரைப் படகில் ஏற்றி, இரண்டு தீவுகளுக்குக் கொண்டுபோய், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சுக்குழாயால் மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்து, அடியில் இருப்பதை எல்லாம் விரலால் காட்டி, மாலை நாலுக்குள் கரைசேர்க்க வேண்டும். "எட்டுக்கு மேல ஏத்த அனுமதி இல்ல, எட்டுக்குக் கீழ திரும்பி வர எனக்கு மனசு இல்ல" என்பார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழிப்பார்கள்.

ஐம்பத்துநாலு வயதில் அவருக்கு ஒரு அதிசயம் நடந்தது. நாற்பத்தைந்தில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடி தேவையில்லாமல் போய்விட்டது. பேப்பரில் பொடி எழுத்தில் வரும் விளம்பரத்தைக்கூட வெறும் கண்ணால் படித்தார். அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தியும் தொளதொளத்ததைப் பிடித்தும் கொடுப்பவர். ஊசியில் நூல் கோக்க அந்த அம்மாளுக்குக் கண்ணாடி போட்டும் தடுமாற்றம். ஆமை அண்ணன் வாங்கி ஒரே தடவையில் கோத்துக் கொடுத்துவிட்டு, "கடல் தண்ணி கண்ணுக்கு மருந்து" என்று பீற்றிக்கொள்வார்.

சிலருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பிக்கும்போது கிட்டத்தில் இருப்பது இப்படிக் கொஞ்ச காலம் தெளிவாகத் தெரியும். பதிலுக்குத் தூரப் பார்வை மங்கிப்போகும். இதை ஒரு டாக்டர் சொல்லியிருப்பார். டாக்டரிடம் போனால்தானே? நன்றாகத் தெரிகிற கண்ணைக் காட்ட எந்தப் பைத்தியக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போவான் என்பது ஆமை அண்ணனின் கட்சி.

தூரம் மங்கியதை அவர் கவனிக்காமல் இல்லை. ஆனால் கடல் என்றால் ஒரு நாள் கலங்கும், ஒரு நாள் தெளியும். இந்த இரண்டு வருடமாகக் கலங்கல் நாட்கள் கூடிவிட்டன என்று பழியைத் தூக்கிக் கடல்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். பாறைக்குப் பாறை மனப்பாடமாக இருந்ததால் பிழைப்பும் ஓடியது. இதில் வேடிக்கை, அவர் காலடியிலேயே ஒரு மஞ்சள் டப்பா இருந்தது. கிட்டப்பார்வைக்காரர்களுக்காகப் பவர் கண்ணாடி பதித்த மாஸ்க்குகள் அதில் இருக்கும். "பவர் எவ்வளவு? கூச்சப்படாம சொல்லுங்க, இதுல என்ன வெக்கம்?" என்று தினமும் காலையில் எல்லாரையும் கேட்பார். தன்னைக் கேட்டுக்கொள்ள மட்டும் தோன்றவில்லை.

அன்றைக்கு வந்த எட்டுப் பேரில் அப்பா, அம்மா, காலேஜ் படிக்கும் பெண் என்று ஒரு குடும்பம்; ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள்; புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி; தனியாக வந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர். டீச்சர் கூச்சப்படாமல் மைனஸ் மூன்று என்று சொல்லி மாஸ்க்கை வாங்கிக்கொண்டார். கடல் அன்று எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடந்தது.

முதல் தீவில் ஆமை அண்ணன் எல்லாருக்கும் காட்டுவது மேஜையை. அது ஒரு பவளப்பாறை. அப்படியே சாப்பாட்டு மேஜை போலத் தட்டையாக, ஒற்றைக் காலில் நிற்கும். கல்யாணமான வருடம் மனைவியைக் கூட்டிவந்து காட்டியது அதைத்தான். "எட்டுப் பேர் சுத்தி உக்காந்து சாப்பிடலாம், அடியில வரிமீன் கூட்டம் குடியிருக்கு" என்று படகிலேயே சொல்லிவைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கி, மிதவையிலிருந்து இருபது எத்து எத்தி, நேர் கீழே விரலை நீட்டினார். கீழே கறுப்பாக, அகலமாக, அவருடைய மேஜை. சுற்றிலும் தலைகள் ஆடின. கணக்கு டீச்சர் மட்டும் தலையை வெளியே தூக்கி, வாயிலிருந்த குழாயைக் கழற்றினார்.

"தம்பி, மேஜை எங்க?"

"நேர் கீழ, டீச்சர். கறுப்பா, அகலமா."

"கறுப்பா ஒண்ணு கிடக்கு. அது மேஜை இல்ல. ஒடஞ்ச கல்லுக் குவியல்."

"கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கும். ஒரு தடவை அலசிட்டுப் பாருங்க."

டீச்சர் சொன்னபடி அலசினார். மறுபடி குனிந்து பார்த்தார். "அலசிட்டேன். இப்ப இன்னும் தெளிவா ஒடஞ்சிருக்கு."

ஆமை அண்ணனுக்குச் சுருக்கென்றது. முப்பது வருடம் விடைத்தாளில் தப்புத் தேடினவருக்குக் கடலில் மட்டும் வேறென்ன தெரியும் என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, அடுத்த பாறைக்கு எல்லாரையும் கூட்டிப்போனார்.

மத்தியானம் இரண்டாவது தீவின் மணலில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். புதுப்பெண் முட்டையை உரித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் அந்த மேஜை தெரியல. எனக்குத்தான் பாக்கத் தெரியலையோன்னு நெனச்சேன்."

"எனக்கும்தான்" என்றான் மாப்பிள்ளை.

அப்பாக்காரர் தொண்டையைச் செருமினார். ஆபீஸ் நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் மேஜை தெரிந்திருக்கவில்லை.

"அப்புறம் எதுக்குத் தலையாட்டுனீங்க?" ஆமை அண்ணன் கேட்டார்.

"நீங்க அவ்வளவு ஆசையா காட்டுனீங்களே, அண்ணா" என்றாள் புதுப்பெண்.

அவர் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டார். தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல எழுந்து படகுப் பக்கம் போய், மஞ்சள் டப்பாவைத் திறந்தார். மைனஸ் மூன்றில் இன்னொன்று இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் யாருக்கும் முகம் தெரியாதபடி திரும்பி நின்று அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். தூரத்துப் பாறையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அதன் அலகு மஞ்சள். அந்தப் பாறையில் பறவைகள் வருவதே நின்றுபோய்விட்டது என்று போன மாதம்தான் தன்னோடு வரும் படகோட்டியிடம் வருத்தப்பட்டிருந்தார்.

உடனே ஒப்புக்கொள்ள அவரென்ன சாமியாரா? மாஸ்க்கைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் தண்ணீரில் இறக்கியபோது தன் பழைய மாஸ்க்கையே போட்டுக்கொண்டார். கால் மணிக்கொரு தடவை தலைகளை எண்ணிப் படகோட்டிக்கு விரலால் காட்ட வேண்டும். எல்லாரும் போட்டிருப்பது ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். எண்ணினார். எட்டு ஆரஞ்சு. எட்டு விரலைக் காட்டினார். படகோட்டி கையைத் தூக்கினான். கண் சரியாகத்தான் இருக்கிறது, எண்ண முடிகிறதே என்று ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பில்தான் முழங்கையிலிருந்ததை எடுத்து மாட்டினார், ஒப்பிட்டுப் பார்க்க.

ஏழு பேர்தான் இருந்தார்கள். எட்டாவது ஆரஞ்சு ஒரு மிதவை. பழைய வெள்ளை மிதவையை எடுத்துவிட்டுப் போன மாதம் போட்ட புது மிதவை அது. நீரோட்டம் திரும்பியதில் கூட்டத்துக்குப் பக்கமாக வந்து, பத்து அடி தள்ளி அமைதியாக ஆடிக்கொண்டிருந்தது.

கணக்கு டீச்சரைக் காணவில்லை.

ஆமை அண்ணன் குனிந்து அடியில் தேடினார். மணல், பாறை, மீன். தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தார். கடைசியில் படகைப் பார்த்தார். டீச்சர் படகின் ஓரத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது ஆமை அண்ணனுக்கு. படகுவரை நீந்திப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப ஏறுனீங்க, டீச்சர்?"

"பத்து நிமிஷம் இருக்கும். கால் பிடிச்சுக்கிச்சு. இவர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறுனேன்."

"எட்டுன்னு கை காட்டுனீங்களே, அண்ணே" என்றான் படகோட்டி. "மேல இருக்குறவங்களையும் சேத்துத்தான் எண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆமை அண்ணனுக்குப் போன மாதத்து நாட்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. சில நாள் எண்ணும்போது ஒன்பது வந்திருக்கிறது. ஒருவரையே இரண்டு தடவை எண்ணித் தொலைத்துவிட்டோம் என்று தன்னைத்தானே கடிந்துகொண்டு, எட்டு விரலைக் காட்டியிருக்கிறார். எட்டு வந்த நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் எட்டாவது ஆள் யார்? தினமும் எல்லாரும் பத்திரமாகக் கரைக்கு வந்தார்கள் என்றால், அதற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

திரும்பும் வழியில் முதல் தீவுக்குப் பக்கம் ஐந்து நிமிடம் படகை நிறுத்தச் சொன்னார். பவர் மாஸ்க்கோடு தனியாக இறங்கினார். மேஜை தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. கால் முறிந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது, பலகை நாலைந்து துண்டு. எல்லாவற்றின்மேலும் கறுப்பாகப் பாசி ஏறியிருந்தது. வரிமீன் ஒன்றுகூட இல்லை. எந்தக் காற்றில் கவிழ்ந்ததோ, யார் போட்ட நங்கூரம் இழுத்ததோ, அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பாசி ஏற ஒரு வருடமாவது ஆகியிருக்கும். அத்தனை நாளும் இந்தச் சிதைவை விரலால் காட்டி, பாருங்கள் பாருங்கள் என்று பூரித்திருக்கிறார். அவருக்கு அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க வழியில்லை. உள்ளேயே தேங்கி எல்லாம் மறுபடி மங்கலாகிவிட்டது.

படகில் ஏறியதும் எட்டுப் பேரையும் உட்காரச் சொல்லித் தான் நின்றுகொண்டார்.

"டீச்சர் சொன்னது சரி. மேஜை ஒடஞ்சு ரொம்ப நாளாச்சு. எனக்குத் தூரத்துல இருக்குறது சரியாத் தெரியல. இன்னைக்கு உங்கள நான் தப்பா எண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

அப்பாக்காரர் தன் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "என் பொண்ண உங்கள நம்பித்தான்யா தண்ணியில இறக்குனேன்" என்றார். ஆமை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.  கரை வரும்வரை யாரும் ஆமை கேட்கவில்லை.

மாஸ்க்குகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டு, ஆபீஸுக்குள் போய், படகு நடத்தும் முதலாளியம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதச் சொன்னதுக்கப்புறம் உங்கள நான் தண்ணியில இறக்க முடியாது. தெரியும்ல?"

"தெரிஞ்சுதாம்மா சொல்றேன்."

"பவர் மாஸ்க் போட்டா தெரியுதுன்னு சொல்றீங்களே. பேசாம அதையே மாட்டிக்கிட்டு இறங்கியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அது எவ்வளவு நாளைக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதும்மா. இதுவரைக்கும் தெரியாமப் போனதே எனக்குத் தெரியலையே."

முதலாளியம்மா நாளைய பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு, மறுநாளைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும், முதலில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்படியும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

வீடு மூன்றாவது மாடி. படி ஏறி உள்ளே போனார். மனைவி மெஷினில் ஒரு கால்சட்டையின் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். ஆமை அண்ணன் எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மேஜையிலிருந்து மிதவை வரைக்கும், முதலாளியம்மா கேட்டது வரைக்கும் எல்லாம் சொல்லி முடித்தார். வேலை இனி இருக்குமோ இருக்காதோ என்றும் சொன்னார். மனைவி வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தூரத்துல இருக்குறது எத்தன நாளா தெரியல?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"தெருமுனையிலேர்ந்து நம்ம பால்கனி தெரியுமா?"

"பால்கனின்னு தெரியும். அதுல என்ன இருக்குன்னு தெரியாது. ஏன்?"

மனைவி கால்சட்டையை மடியில் வைத்து மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நீங்க வர்ற நேரத்துக்கு நான் அங்க நின்னு கை காட்டுவேன். முன்னெல்லாம் நீங்களும் கை காட்டுவீங்க, ஞாபகம் இருக்கா? இப்ப ரெண்டு வருஷமா தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்துர்றீங்க."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"என்னன்னு கேக்குறது? இத்தன வருஷம் ஆச்சு, அலுத்துப்போயிருக்கும்னு நெனச்சேன்."

ஆமை அண்ணன் பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.   மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்கும் நின்னியா?"

"தெனமும்தான் நிக்கிறேன்" என்றார் மனைவி.